ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது? சமச்சீர், சிபிஎஸ்இ புத்தகங்களை விரித்து வைத்து ஒரு பார்வை

ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் ஏப்ரல், மே வந்துவிட்டால் இதே பேச்சுதான். பக்கத்து அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ப்பதா, மெட்ரிக்கில் போடுவதா, நகையை அடகு வைத்தாவது சிபிஎஸ்இக்கு அனுப்புவதா. சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதில் அடிக்கடி காதில் விழுவது, "ஸ்டேட் போர்டு பாடம் லேசு, சிபிஎஸ்இ கஷ்டம், அங்கே போனால்தான் பிள்ளை தேறும்" என்பது. ஆறு முதல் எட்டு வரையிலான இப்போதைய புத்தகங்களைத் திறந்து பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. பல இடங்களில் நேர்மாறாக இருக்கிறது.

மாலையில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று வகைப் பள்ளிகளிலிருந்தும் வருகிறார்கள், ஒரே பாயில் உட்கார்ந்து வேறு வேறு புத்தகத்தை விரிப்பார்கள். அதைத் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்குக் கைவர வேண்டியது முக்கியமாக இரண்டு: ஒரு பக்கத்தைத் தானாகப் படித்துப் புரிந்துகொள்வது, பின்னத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டு அதன் மேல் விகிதம், சதவீதம், இயற்கணிதம் என்று ஏறுவது. இந்த இரண்டும் உங்கள் பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் நடக்குமோ அங்கே சேருங்கள், போர்டு பெயர் அதற்கு அப்புறம்தான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மெட்ரிக் பள்ளியும் அரசுப் பள்ளியும் நடத்துவது சமச்சீர் என்கிற ஒரே மாநிலப் பாடத்திட்டப் புத்தகத்தைத்தான், ஒன்று ஆங்கிலத்தில், மற்றது தமிழில். அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. ஆக மெட்ரிக்கா அரசுப் பள்ளியா என்பது பாடத்தைப் பற்றிய கேள்வி இல்லை. அது பயிற்று மொழி, ஆசிரியர், கட்டணம் பற்றிய கேள்வி. பாடமே மாறுவது சிபிஎஸ்இக்குப் போனால்தான். அங்கேயும் ஒரு சங்கதி உண்டு: ஒன்பது முதல் பன்னிரண்டு வரைதான் என்சிஇஆர்டி (மத்திய அரசின் பாடநூல் அமைப்பு) புத்தகம் கட்டாயம், எட்டு வரைக்கும் பரிந்துரை மட்டும்தான், அதனால் நிறையத் தனியார் பள்ளிகள் ஆறாம் வகுப்புக்கு வேறு பதிப்பகங்களின் புத்தகங்களை வைத்திருக்கின்றன. சேர்க்கைக்குப் போகும்போது "எந்தப் புத்தகம் நடத்துகிறீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம், பணம் கட்டப்போவது நீங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம், ஏனென்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இங்கேதான். சமச்சீரில் ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே இயற்கணிதம் ஓர் அறிமுகம் வந்துவிடுகிறது, அதற்கு அடுத்ததாக விகிதம், விகிதசமம். இரண்டாம் பருவத்தில் இலாபம், நட்டம். மூன்றாம் பருவத்தில்தான் பின்னங்கள், முழுக்கள், சுற்றளவு, பரப்பளவு. அந்தக் கடைசிப் பருவத்துக்குள்ளேயே பின்னத்தின் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் முடிந்தாக வேண்டும். என்சிஇஆர்டி 2024-ல் ஆறாம் வகுப்புக்குக் கொண்டுவந்த புதிய கணக்குப் புத்தகமான கணித பிரகாஷில் இயற்கணிதமும் இல்லை, விகிதமும் இல்லை. எண் அமைப்புகள், கோடுகளும் கோணங்களும், பகா எண்கள், சுற்றளவும் பரப்பளவும், பின்னம், சமச்சீர்மை, குறை எண்கள் என்று பத்து அத்தியாயம், அவ்வளவுதான். எழுத்தைப் போட்டுக் கணக்குச் செய்வதும் பின்னத்தைப் பெருக்கி வகுப்பதும் ஏழாம் வகுப்பில். விகிதசமம் எட்டாம் வகுப்பில். அதாவது சமச்சீர்ப் பிள்ளை பத்து, பதினொரு வயதில் பார்க்கிற விகிதத்தை என்சிஇஆர்டி பிள்ளை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறது.

இப்போது எது "கஷ்டம்"? பாடத்தின் வேகத்தை வைத்துப் பார்த்தால் சமச்சீர்தான். ஆனால் வேகமாக வருவதாலேயே அது நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். விகிதம் முன்னால், பின்னம் பின்னால் என்கிற இந்த வரிசைதான் சமச்சீர்க் கணக்குப் புத்தகத்தில் என்னை ரொம்பவே உறுத்துகிற இடம். நான்கு, ஐந்தாம் வகுப்பில் பின்னம் அறிமுகமாகியிருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் படத்தில் வண்ணம் தீட்டுகிற அளவில் நின்றிருக்கும். போன வருடம் அரசுப் பள்ளியில் ஆறாவது படிக்கிற ஒரு பையனின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 12:18 என்பதை 2:3 என்று அழகாகச் சுருக்கியிருந்தான், பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. "ஒரு வகுப்பில் பையன்களும் பெண்களும் 2:3 என்ற விகிதத்தில் இருக்கிறார்கள், அப்படியென்றால் வகுப்பில் எத்தனை பங்கு பையன்கள்?" என்று கேட்டேன். யோசிக்காமல் "மூன்றில் இரண்டு, மிஸ்" என்றான். ஐந்தில் இரண்டு என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. மொத்தம் எது, பங்கு எது என்கிற எண்ணமே உள்ளே இல்லை, இரண்டு எண்ணையும் ஆறாம் வாய்ப்பாட்டில் அடிக்கத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அவன் மேல் தப்பில்லை. பின்னத்தை ஆற அமரச் செய்வதற்கு முன்னாலேயே விகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

என்சிஇஆர்டி புத்தகத்தில் பின்னம் சமமாகப் பங்கிடுவதிலிருந்து தொடங்குகிறது. ஒரு ரொட்டியை இத்தனை பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு, நான்கு பேர் பிரித்தால் அதிகமா ஆறு பேர் பிரித்தால் அதிகமா என்று போய், எண்கோட்டுக்கு வந்து, அப்புறம்தான் கூட்டலுக்கு வருகிறது. 1/6 பெரிதா 1/4 பெரிதா என்று கேட்டால் "ஆறுதானே பெரிசு" என்று சொல்கிற பிள்ளைகளுக்கு இது தேவையான நிதானம். இந்த ஒரு அத்தியாயத்துக்காக சமச்சீர்ப் பிள்ளைகளுக்கும் நான் அந்தப் புத்தகத்தைத்தான் எடுக்கிறேன். என்சிஇஆர்டி தளத்தில் இலவசமாகவே தரவிறக்கலாம், நம் பாடநூல்களும் அப்படியே கிடைக்கின்றன. பள்ளி மாறாமலே இரண்டு புத்தகத்தின் பலனையும் எடுத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லை.

சமச்சீர்க் கணக்கில் எனக்குப் பிடித்தது தகவல் செயலாக்கம் என்கிற பகுதி. எட்டாம் வகுப்பில் வரைபடத்துக்கு எத்தனை வண்ணம் போதும் என்று பார்ப்பது, ரகசிய எழுத்து முறை என்றெல்லாம் வரும். தேர்வில் மதிப்பெண் குறைவு என்று சில பள்ளிகளில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது ரொம்ப வருத்தம்.

அறிவியலிலும் இதே கதைதான். சமச்சீர் ஆறாம் வகுப்பில் மூன்று பருவத்துக்கும் சேர்த்து 20 பாடம்: அளவீடுகள், விசையும் இயக்கமும், வெப்பம், மின்னியல், செல், மனித உறுப்பு மண்டலங்கள், காந்தவியல், கணினி என்று ஒன்றுவிடாமல் உண்டு. என்சிஇஆர்டியின் க்யூரியாசிட்டி புத்தகத்தில் 12 அத்தியாயம். மின்சுற்று அங்கே ஏழாம் வகுப்பில், செல் எட்டாம் வகுப்பில். 20 பாடத்தையும் ஒரு வருடத்துக்குள் செய்முறையோடு நடத்தி முடிக்கிற ஆசிரியர் கிடைத்தால் சமச்சீர் பிள்ளைக்குப் பெரிய வரம். கிடைக்காவிட்டால் 20 பாடத்தின் பின்பக்கக் கேள்வி பதிலைக் கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு எழுதுவதோடு அது முடிந்துவிடும். மின்கலம், ஒரு சிறு பல்பு, இரண்டு துண்டு ஒயர் வைத்து ஒரு தடவையாவது எரியவிட்டுப் பார்த்த பிள்ளைக்கும், படத்தைப் பார்த்து "மூடிய சுற்று, திறந்த சுற்று" என்று எழுதிய பிள்ளைக்கும் எட்டாம் வகுப்பில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதை நான் வருடாவருடம் பார்க்கிறேன். அதனால் சேர்க்கைக்கு முன்னால் ஏற்கெனவே அங்கே படிக்கிற ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பிடித்து "இந்த வருடம் அறிவியலில் கையால் என்னவெல்லாம் செய்தீர்கள்" என்று கேளுங்கள். தலைமையாசிரியரிடம் கேட்டால் வருகிற பதிலைவிட இது உண்மையாக இருக்கும்.

சமூக அறிவியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமச்சீரில் ஆறாம் வகுப்பிலேயே பூம்புகார், மதுரை, காஞ்சி பற்றித் தனிப் பாடமும், சங்க காலச் சமுதாயம் பற்றித் தனிப் பாடமும் உண்டு. என்சிஇஆர்டி ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் சங்க காலத்துக்கென்று ஓர் அத்தியாயம் கிடையாது. நம் ஊர் வரலாறு பிள்ளைக்குத் தெரியவேண்டும் என்று நினைக்கிறவர்கள் சிபிஎஸ்இயில் சேர்த்தால் அதை வீட்டில்தான் சொல்லியாக வேண்டும். உள்ளாட்சி, கிராம சபை பற்றி என்சிஇஆர்டியில் மூன்று அத்தியாயம் ஒதுக்கியிருப்பது நல்ல விஷயம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மொழிக்கு வந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை படிக்கக் கற்றுக்கொள்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து படித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர், இனி பாடத்துக்கு ஓர் ஆசிரியர், நாற்பது நிமிடத்தில் வந்து போய்விடுவார், பிள்ளை எங்கே திணறுகிறது என்று அவருக்குத் தெரியவே மாதக்கணக்கில் ஆகும். இந்த நேரத்தில் ஐந்து வருடம் தமிழ் வழியில் படித்த பிள்ளையைத் தூக்கி ஆங்கில வழியில் போட்டால் என்ன ஆகும்? கணக்கு ஓரளவு தப்பிக்கும். அறிவியலும் சமூக அறிவியலும் ஒட்டுமொத்தமாக மனப்பாடத்துக்குப் போய்விடும், ஏனென்றால் வாக்கியமே புரியாதபோது அது வேறு என்னதான் செய்யும்? அரசு ஆங்கில வழிப் பிரிவுக்கும் இது பொருந்தும், மெட்ரிக்குக்கும் பொருந்தும்.

சிபிஎஸ்இயில் இன்னொரு பாரமும் சேர்கிறது. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை, அதனால் மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழும் ஆங்கிலமும்தான். சிபிஎஸ்இயில் ஆறு முதல் எட்டு வரை மூன்றாவதாக ஒரு மொழி வரும். மொழிகளில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அது சந்தோஷம்தான். ஆனால் நான் பார்த்த சில பள்ளிகளில் இந்தி இரண்டாம் மொழியாகி, தமிழ் வாரத்துக்கு இரண்டு, மூன்று பீரியடோடு மூன்றாம் இடத்தில் நிற்கிறது. எட்டாவது படிக்கிற பிள்ளை செய்தித்தாளில் ஒரு பத்தியைத் தமிழில் திணறாமல் படிக்க முடியாமல் போவதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். எந்த மொழி எந்த இடத்தில், வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று கால அட்டவணையையே வாங்கிப் பாருங்கள்.

பாடத்தைத் தாண்டி, ஆறாம் வகுப்பு என்ற வருடத்துக்குத் தமிழ்நாட்டில் தனியாக ஒரு கனம் இருக்கிறது, நிறையப் பெற்றோருக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு, மற்றபடி இடையில் வந்து சேர்ந்தால் கிடையாது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இதை விரித்தார்கள். கல்லூரி போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டமும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வனும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்கைத்தான் பார்க்கின்றன. எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்எம்எம்எஸ் என்கிற உதவித்தொகைத் தேர்வும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்; தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50. மாநில அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்கிறது, ஆக ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்குத் தாவினால் அதுவும் போச்சு. இதற்காக மட்டுமே ஒரு மோசமான பள்ளியில் பிள்ளையை விட்டுவைக்கச் சொல்லவில்லை. சுமாரான இரண்டு பள்ளிக்கு நடுவே தேர்ந்தெடுக்கிற குடும்பம் இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும், அதுதான் என் கவலை.

"அப்போ நீட்டுக்கு?" என்று கேட்பீர்கள். நீட் கேள்விகள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருபவை. அதற்காக ஆறாம் வகுப்பிலேயே சிபிஎஸ்இ வேண்டும் என்பதோ, ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்று சனி, ஞாயிறு முழுக்கப் பிள்ளையை உட்காரவைப்பதோ தேவையே இல்லை. ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கை முன்கூட்டியே நடத்துகிற அந்த நேரத்தில் அது கதைப் புத்தகம் படிக்கட்டும், தெருவில் விளையாடட்டும்.

பள்ளியைப் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சியை நிறுத்திவைப்பதில்லை என்பது நல்ல ஏற்பாடுதான், ஆனால் பிள்ளை பின்தங்குவது மார்க் ஷீட்டில் தெரியாது. கிராமப் பிள்ளைகளின் படிப்பை அளக்கிற ஏசர் கணக்கெடுப்பில் செய்கிற மாதிரியே நீங்களும் வீட்டில் செய்யலாம்: இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு சின்னக் கதையைப் படிக்கச் சொல்லுங்கள், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்லுங்கள், 739-ஐ 6-ஆல் என்பது மாதிரி. இதில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை தடுமாறினால் எந்த போர்டுக்கு மாற்றினாலும் பிரச்சினை கூடவே வரும், கோடை விடுமுறையில் தினமும் அரைமணி நேரம் இதற்கே கொடுங்கள். அரசுப் பள்ளிகளில் 2025-26-ல் திறன் என்ற பெயரில் ஆறு முதல் ஒன்பது வரை உள்ள பிள்ளைகளுக்கு அடிப்படை மொழி, கணக்குக்கென்று பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள், உங்கள் பள்ளியில் அது எப்படி நடக்கிறது என்று விசாரியுங்கள்.

இதையெல்லாம் வைத்து நான் என்ன சொல்வேன்? தமிழ் வழியில் ஐந்து வருடம் படித்த பிள்ளை, பக்கத்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் பட்டதாரி ஆசிரியர்கள் நிரந்தரமாக இருக்கிற அரசு நடுநிலைப் பள்ளியோ உயர்நிலைப் பள்ளியோ இருக்கிறது என்றால், வேறு யோசனையே வேண்டாம், அங்கேயே சேருங்கள், ஆங்கிலத்துக்கு மட்டும் தினமும் கொஞ்ச நேரம் வீட்டிலோ வெளியிலோ ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடமே வருடக்கணக்கில் காலி என்றால் இரண்டு ஊர் தள்ளியாவது நல்ல அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ தேடுங்கள். ஏற்கெனவே ஆங்கில வழியில் படித்து, ஆங்கிலக் கதை ஒன்றைத் தானாகப் படிக்கிற பிள்ளைக்கு மெட்ரிக்கும் சரி, சிபிஎஸ்இயும் சரி, இரண்டும் ஒத்துவரும். என்சிஇஆர்டி புத்தகத்தையே நடத்துகிற, தமிழை ஓரம்கட்டாத சிபிஎஸ்இ பள்ளி எட்டும் தூரத்தில், கட்டக்கூடிய கட்டணத்தில் கிடைத்தால் அந்த நிதானமான கணக்கு, அறிவியல் புத்தகத்துக்காகவே நான் அதன் பக்கம் சாய்வேன். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் வேண்டாம். அப்பா அம்மாவுக்கு மத்திய அரசு வேலை, இடமாற்றம் உண்டு என்றால் கேந்திரிய வித்யாலயாவோ சிபிஎஸ்இயோ இயல்பான தேர்வு, அதில் விவாதம் இல்லை.

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால் ஆறாம் வகுப்பின் தொடக்கத்திலேயே மாற்றிவிடுங்கள், ஏழிலும் எட்டிலும் வேண்டாம். மேலே சொன்ன வரிசை வித்தியாசம் அங்கேதான் கடிக்கும். ஆறாவது முடித்து சிபிஎஸ்இயிலிருந்து சமச்சீருக்கு வருகிற பிள்ளை விகிதத்தையும் x, y போட்ட கணக்கையும் பார்த்திருக்காது, ஏழாம் வகுப்பு ஆசிரியர் அது தெரியும் என்று வைத்துக்கொண்டு நடத்துவார். தவிர்க்கவே முடியாமல் ஏழில் மாற்றுகிறீர்கள் என்றால் மே மாதத்திலேயே சமச்சீர் ஆறாம் வகுப்பு முதல் பருவக் கணக்குப் புத்தகத்தைத் தரவிறக்கி, அந்த இரண்டு பாடத்தை மட்டும் பிள்ளையோடு உட்கார்ந்து முடித்துவிடுங்கள். சமச்சீரிலிருந்து சிபிஎஸ்இக்குப் போகிற பிள்ளைக்குக் கணக்கில் பெரிய இடைவெளி வராது, அங்கே மொழிதான் சிக்கல், அதிலும் மூன்றாம் மொழி. ஏழில் போனால், மற்ற பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே அதன் எழுத்தும் சொல்லும் கற்றுக்கொண்டுவிட்டிருப்பார்கள், எழுத்திலிருந்து தொடங்க அவகாசம் தருவார்களா என்று சேர்க்கும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.